செவலையும் சென்னப்பா லாரியும்

1

போன மாதம் எனக்குத் தபாலில் ஒரு அட்டை வந்தது. அதில் என் போட்டோ, என் பெயர், ஒரு நம்பர். இந்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் இந்த நாட்டில் நான் குதிரையைத் தொடலாம். மாட்டாமல் போனால் தொடக் கூடாது.

ஓசூரிலும் தளியிலும் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. பதினாறு வயதில் குதிரை லாயத்தில் படுக்கப் போனவன் நான். கல்யாணமான புதிதில் வீட்டில் தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தேன். பக்கத்தில் குதிரை மூச்சு விடுகிற சத்தம் இல்லை, அதுதான் காரணம். என் பெண்டாட்டி அதைச் சாகிறவரை சொல்லிக் காட்டினாள்.

இப்போது மெல்போர்னுக்கு வெளியே மகள் ஸ்டெல்லா வீட்டில் இருக்கிறேன். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் இங்கே வந்து இந்த மாதத்தோடு ஏழு வருஷம். காலையில் கஞ்சி குடித்துவிட்டு நடக்கப் போவேன். போகிற வழியில் ஒரு வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் ஏழெட்டுக் குதிரை. நடக்க முடியாத பிள்ளைகளை உட்காரவைத்துச் சவாரி பழக்குகிற இடம் அது. ஹெலன் என்ற அம்மாள் நடத்துகிறார். சம்பளமில்லாமல் யார் வேண்டுமானாலும் போய் வேலை செய்யலாம் என்றார்கள். நான் செய்கிறேன் என்றேன். செய்யலாம், முதலில் இந்த பாரத்தை நிரப்புங்கள் என்று ஒரு காகிதக் கட்டைக் கொடுத்தார்கள்.

ராத்திரிச் சோறு தின்றுவிட்டு ஸ்டெல்லாவும் நானும் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஜெயிலுக்குப் போனதுண்டா? இல்லை. மாரடைப்பு? இல்லை. பிறந்த தேதி? அதற்கு ஞானஸ்நானம் கொடுத்த தேதியைத்தான் பாஸ்போர்ட்டிலேயே போட்டிருக்கிறது, அதையே எழுதினாள். குதிரையோடு முன் அனுபவம் உண்டா? உண்டு. அப்படியென்றால் அதை உறுதி செய்யக்கூடிய ஒருவர் பெயர்?

"யாருப்பா இருக்காங்க? சொல்லு."

யோசித்தேன். காதர் பாய் போய்விட்டார். சென்னப்பா போய்விட்டார். முதலாளி எப்போதோ போய்விட்டார்.

"செவலைன்னு எழுதும்மா."

"அது குதிரைப்பா."

"அதுக்குத்தான் தெரியும்."

அவள் பேனாவை மூடிவிட்டு என்னையே பார்த்தாள். அந்த இடத்தைக் காலியாக விட்டுத்தான் அனுப்பினோம். அட்டை வர மூன்று மாதம் ஆனது.

நான் பள்ளிக்கூடம் போகாதவன். ஜெபப் புத்தகத்தையும் பஸ் போர்டையும் பார்த்து எழுத்துக் கூட்டப் பழகினேன். இதைப் போனில் பேசுகிறேன், அதுவே எழுதிக்கொள்கிறது. கொள்ளு என்றால் கொல்லு என்று எழுதுகிறது. ஸ்டெல்லா திருத்திக் கொடுக்கிறாள். அந்த பாரத்தில் காலியாக விட்ட இடத்தில் எழுதவேண்டியது இதுதான்.

2

மெட்ராஸ் ஸ்டேட் என்ற பெயர் போய்த் தமிழ்நாடு என்ற பெயர் வந்த சமயம். ஓசூரில் கம்பெனி ஒன்றும் வரவில்லை. இப்போது கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நிற்கிற இடத்தில் கேழ்வரகும் கொள்ளும் விளைந்தன. தளி ரோட்டில் ஒரு குதிரைப் பண்ணை இருந்தது. பெங்களூரில் பட்டுக்கடை வைத்திருந்த ஒருவருடையது. பந்தயத்துக்குக் குதிரை வளர்த்து, வயது வந்ததும் பெங்களூருக்கு அனுப்புவார்கள். லாயத்தில் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது நாலும் ஓடும். குதிரைகளுக்கு நாலும் தெரியும். எனக்கு நாலும் அரைகுறை.

எங்களுக்கு மேலே இருந்தவர் காதர் பாய். குதிரைக்கு வயிற்றுவலி என்றால் சாணியை முகர்ந்தே சொல்லிவிடுவார். குளம்பு சீவினால் அளந்து வெட்டினது போல் இருக்கும். அவ்வளவு கெட்டிக்காரர். ஆனால் குதிரையை லாரியில் ஏற்றுவது என்று வந்துவிட்டால் அவருக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். மேலுதட்டில் கயிற்றுச் சுருக்குப் போட்டுக் கட்டையால் முறுக்குவது, பின்னால் இரண்டு பேர் கயிற்றை வளைத்துத் தள்ளுவது, ஒருவன் சாட்டையை வீசுவது. பெரும்பாலான குதிரை ஏறிவிடும். ஏறித்தானே ஆகவேண்டும்.

செவலை ஏறாது. அவளுக்குப் பந்தயப் புத்தகத்தில் ஏதோ நீளமான இங்கிலீஷ் பெயர். எங்களுக்குச் செவலைதான். நெற்றியில் அரிசி கொட்டினது போல வெள்ளை. பயந்த குதிரை இல்லை. மத்தளம் அடித்துக்கொண்டு மாரியம்மன் ஊர்வலம் ரோட்டில் போனாலும் வேலியோரம் வந்து நின்று வேடிக்கை பார்க்கும். ஆனால் லாரியின் பின்கதவை இறக்கிப் பலகையாகச் சாய்த்தால் போதும், உடம்பெல்லாம் வேர்த்துவிடும். முதல் தடவை ஏற்றும்போது பாதிப் பலகையில் துள்ளிப் பின்னங்காலைப் பலகைச் சந்தில் விட்டுக் கிழித்துக்கொண்டது. இரண்டாம் தடவை காதர் பாயின் சுண்டுவிரல் கயிற்றில் மாட்டி ஒடிந்தது. அந்த விரல் அப்புறம் நிமிரவேயில்லை. தொழுகைக்குக் கை கட்டினால் அது மட்டும் தனியாக நிற்கும்.

இரண்டு தடவையும் தலைக்கயிறு என் கையில்தான் இருந்தது. அவளுக்குக் கொள்ளு வைக்கிறவன் நான். நான் கூப்பிட்டதால்தான் அவள் அந்தப் பலகை வரைக்குமாவது வந்தாள். வந்து அடிபட்டாள்.

3

மூன்றாம் தடவையும் முடியாமல் போன அன்று முதலாளி வந்திருந்தார். காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டுப் பேசினார்.

"காதர் பாய், இன்னும் ரெண்டு சனிக்கிழமை பார்ப்பேன். ஏறலைன்னா வித்துடுங்க."

"நடத்திக்கினே போயிடறன் முதலாளி," என்றேன் நான். "விடிகாலைல கெளம்பினா பொழுது சாய பெங்களூரு."

அவர் என்னை அப்போதுதான் பார்த்தார். "பெங்களூருக்கு நடத்துவே. ஊட்டிக்கு? மெட்ராசுக்கு? ரேஸ் குதிரைன்னா வருசம் பூரா வண்டியிலதான் இருக்கும். வண்டி ஏறாத குதிரை எனக்கு எதுக்கப்பா?"

கார் போய்விட்டது. அவர் சொன்னதில் தப்பில்லை.

விற்பது என்றால் யாருக்கு என்று மறுநாளே தெரிந்தது. கிருஷ்ணகிரி ஜட்கா ஸ்டாண்டிலிருந்து மாரி என்று ஒருவர் வந்தார். நல்ல மனுஷர்தான், கலகலப்பான ஆள். செவலையின் வாயைத் திறந்து பல் பார்த்தார். தோளைத் தட்டினார்.

"காலு இம்மாம் மெல்லிசா இருக்குதே. அரிசி மூட்டை நாலு போட்டா தாங்குமா?"

"தாங்காது," என்றேன்.

"தாங்குற வரைக்கும் தாங்கட்டும்ப்பா. எதுதான் முழுசாத் தாங்குது? நாந்தான் தாங்கறனா?" என்று தன் முழங்காலைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

கிருஷ்ணகிரி ஜட்காக் குதிரைகளை நான் பார்த்திருக்கிறேன். தோளில் வார் அறுத்த புண், புண்ணில் ஈ. ஓடுவதற்கென்றே பிறந்த உடம்பு அது. தார் ரோட்டில் மூட்டை இழுத்தால் ஒரு மழைக்காலம் தாண்டாது. காதர் பாயிடம் போய், இந்த இரண்டு வாரம் செவலையை என் போக்கில் விடுங்கள் என்று கேட்டேன்.

அவர் தன் விரலைப் பார்த்தார். "என் போக்குலதான் ஒண்ணும் நடக்கலியே, பேட்டா. ஆனா ஒண்ணு. அது ஏறலன்னா மாரி ஜட்காவுக்கு நீதான் ஓட்டிக்கினு போய் விடணும். நான் போவ மாட்டன்."

4

என் அப்பா குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாடு ஏற்றுகிற வேலை பார்த்தவர். அங்கே லாரியைப் பின்பக்கமாக ஓட்டி ஒரு மண்மேட்டில் முட்டக் கொடுத்து நிறுத்துவார்கள். மேடும் லாரித் தட்டும் ஒரே மட்டம். மாடு ஏறுவதாகவே நினைக்காது, ஒன்றன் பின்னால் ஒன்று நடந்து உள்ளே போய்விடும். குதிரை அப்படி இல்லை. முன்னால் போகிற குதிரையை நம்பாது, தன் காலைத்தான் நம்பும். கால் வைக்கிற இடம் அதற்குத் தெரிந்தாக வேண்டும்.

லாரி சனிக்கிழமைதான் வரும். மற்ற நாளில் பழக்க எனக்கு லாரி இல்லை. இடிந்த கொட்டகை ஒன்றின் பழைய கதவைக் கழற்றித் தரையில் போட்டேன். செவலையைக் கூட்டி வந்து அதன் எதிரில் நிறுத்திவிட்டு நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். நாம் அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இழுத்தால் அது வராது. எதிரில் நிற்கிறவன் மறிக்கிறான் என்றுதான் நினைக்கும். முகர்ந்தது. காலால் சுரண்டியது. வெகு நேரம் கழித்து ஒரு காலை வைத்தது. வைத்த அந்த நொடியே கயிற்றைத் தளர விட்டேன். காலை எடுத்துக்கொண்டது, எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். இப்படி முதல் நாள் முழுக்க ஒரே ஒரு கால்தான்.

"என்னாடா, குதிரைக்குக் கரகாட்டம் சொல்லித் தர்றியா?" என்றார் காதர் பாய்.

மறுநாள் நாலு கால். அப்புறம் கதவுக்கு ஒரு பக்கம் செங்கல் கொடுத்துச் சாய்த்தேன். அடியில் குழி வெட்டி, மேலே நடந்தால் டொம் டொம் என்று கேட்கும்படி செய்தேன். இரண்டு பக்கமும் மூங்கில் நட்டுச் சாக்கைக் கட்டி லாரி மாதிரி இருட்டாக்கினேன். உள்ளே போகப் பழக்கினதைவிடப் பின்னால் நடந்து வெளியே வரப் பழக்கினதுதான் அதிகம். எப்போது வேண்டுமானாலும் வெளியே வரலாம் என்று தெரிந்தால்தான் அது நிம்மதியாக உள்ளே நிற்கும்.

இதைச் சொல்லும்போது பேரன் ஜோயல் நினைப்பு வருகிறது. படிப்புக்காகச் சிட்னி போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். "தாத்தா, சாப்பிட்டாச்சா?" என்பான். அவனுக்கு மிச்சம் இருக்கிற தமிழ் அவ்வளவுதான். சாப்பிட்டேன் என்பேன். அப்புறம் இரண்டு பேருக்கும் என்ன பேசுவது என்று தெரியாது. ஸ்டெல்லா, இந்தத் தடவை கிறிஸ்துமஸுக்கு வந்தே ஆகவேண்டும் என்று அவனை போனில் இழுத்துக்கொண்டிருப்பாள். இழுக்காதேம்மா என்று சொல்லிப் பார்த்தேன். உனக்குக் குதிரையும் ஒண்ணு, பிள்ளையும் ஒண்ணு என்று கோபித்துக்கொண்டாள். அவள் சொன்னதும் சரிதான். எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதானே.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் செவலை சாக்குக் கூட்டுக்குள் தானாகப் போய் நின்று கொள்ளு தின்றது. காதர் பாய் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "நாளைக்கு ஏறிடும்," என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

5

லாரிக்காரர் சென்னப்பா, ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரர். வாரம் பூரா ஜவளகிரிக் காட்டிலிருந்து மூங்கில் ஏற்றுவார், சனிக்கிழமை எங்களுக்குக் குதிரை ஏற்றுவார். பெரிய மீசை, சின்னக் குரல். சந்தையில் செய்வது போலப் பண்ணையில் இருந்த ஒரு மண்மேட்டில் முட்டக் கொடுத்து நிறுத்தச் சொன்னேன், அப்படியே நிறுத்தினார். பலகை கொஞ்சம்தான் சாய்வு. வைக்கோல் பரப்பினேன். சாட்டை வேண்டாம், கூட்டம் வேண்டாம் என்று எல்லாரையும் விலக்கினேன்.

செவலை நடந்து வந்தது. காது முன்னால் இருந்தது, பயமில்லை என்று அர்த்தம். முகர்ந்தது, ஒரு கால் வைத்தது. நான் கயிற்றைத் தளர்த்தினேன். இரண்டாம் கால் வைத்தது.

அப்படியே பின்னால் பாய்ந்தது. கயிறு என் உள்ளங்கையை உரித்துக்கொண்டு போனது. நான் வைக்கோலில் குப்புற விழுந்தேன். எழுந்து பார்த்தால் அவள் கிணற்றுமேட்டில் நின்று நடுங்கிக்கொண்டிருக்கிறாள்.

"என்னாப்பா ஒம் பழக்கம்," என்றான் ஒருவன். "ஒரு வாரம் கதவு மேல நடக்கவெச்ச. கதவத்தான் நல்லா ஏறுது."

அதற்குள் நான் ஒன்றைப் பார்த்துவிட்டேன். அவள் லாரியின் இருட்டைப் பார்க்கவில்லை. பின்கதவையும் பார்க்கவில்லை. லாரியின் முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனேன்.

சென்னப்பா அங்கே கற்பூரத்தைக் கொளுத்தி முடித்துவிட்டு, தேங்காய் மூடி இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பம்பரில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

தேங்காய் உடைகிற சத்தம் நம் ஊர்க் காதுக்குச் சத்தமே இல்லை. குக்கூ என்று குயில் கூவினாலாவது திரும்பிப் பார்ப்போம், தேங்காய்க்குத் திரும்ப மாட்டோம். எத்தனை தடவை அந்த லாரியின் பின்னால் நின்றிருக்கிறேன், ஒரு தடவைகூட எனக்கு அது கேட்டதில்லை. எல்லார் கண்ணும் குதிரை மேலே. இரும்பு பம்பரில் ஓங்கி அடித்தால், காலியான மரக்கூடு மத்தளம் மாதிரி அதிரும். செவலையின் கால் அந்த மரத்தின் மேல் இருக்கிறது. அவளுக்கு அந்த அடி காதில் விழவில்லை, காலில் விழுந்தது. முதல் தடவை கால் கிழிந்த அன்றும் இதே பலகை, இதே அடி.

"அண்ணா, எப்பவும் குதிரை கால் வெச்சதும்தான் ஒடைப்பீங்களா?"

"ஆமா. ஏறுதுன்னு சத்தம் கேட்டா ஒடைப்பேன்."

"இனிமே அது ஏறும்போது ஒடைக்காதீங்கண்ணா. அதான் பயப்படுது."

அவர் மீசையைத் தடவினார். "முன்னாடியே ஒடைச்சா காலி வண்டிக்கு ஒடைச்ச மாதிரி. சவாரி கால் வெக்கணும். வெச்சாத்தான் சாமிக்குக் கணக்கு, இது என் வண்டி ஆளுன்னு."

"ஒரு நாளு ஒடைக்காமதான் போங்களேன்."

அவ்வளவு நேரம் சின்னதாக இருந்த குரல் இன்னும் சின்னதாகிவிட்டது. "ஒரு நாளு ஒடைக்காம போனேன். அத்திப்பள்ளி தாண்டி வண்டி கவுந்துச்சு. என் தம்பி பக்கத்துல ஒக்காந்திருந்தான்." பம்பரைத் துண்டால் துடைத்தார். "நீ வேதக்காரன்ப்பா. ஒனக்கு இது தெரியாது. நான் ஒடைக்காம வண்டி எடுக்கறதில்ல."

செவலையைப் பிடித்துவரக் கிணற்றுமேட்டுக்குப் போனேன்.

6

மறுநாள் மாதா கோயில் பூசைக்குப் போனேன். பூசை முடிந்ததும் பாதிரியாரிடம் கேட்டேன்.

"சாமி, ஒரு கிறிஸ்தவன் தேங்கா ஒடைச்சா பாவமா?"

"யாருக்குடா ஒடைக்கப் போற?"

"குதிரைக்கு, சாமி."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "குதிரைக்குன்னா ஒடைச்சுக்கோ. மிச்சத்தச் சட்னி அரைச்சுக்கோ."

பண்ணைக் கிணற்றோரம் ஐந்தாறு தென்னை இருந்தது. உரிந்த கையில் துணியைச் சுற்றிக்கொண்டு அன்றைக்கே ஏறிக் காய் இறக்கினேன். சென்னப்பாவை மாற்ற முடியாது. செவலையைத்தான் மாற்றவேண்டும். முதலில் லாயத்துக்கு அந்தக் கோடியில் கல்லில் ஒரு காயை உடைத்தேன். அவள் தலையைத் தூக்கினாள். உடனே போய்க் கொள்ளு வைத்தேன். அடுத்த வேளையும் அப்படியே. உடைத்தால்தான் தீனி, உடைக்காமல் தீனி கிடையாது. ஒரு நாளுக்கு ஆறு தீனியாகப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டேன். ஒவ்வொரு வேளைக்கும் பத்தடி பக்கத்தில் வந்து உடைத்தேன். செவ்வாய்க்கிழமை ஒரு கீற்றுத் தேங்காயைக் கையில் வைத்து நீட்டினேன். உதட்டால் புரட்டிப் பார்த்துத் துப்பிவிட்டது. புதன்கிழமை துப்பவில்லை.

பண்ணையில் அந்த வாரம் எல்லா வீட்டிலும் தேங்காய்ச் சட்னி. காலையிலும் சட்னி, ராத்திரியிலும் சட்னி. "வேதக்காரா, ஒரே வாரத்துல நீ பண்ண பூசைய நம்ம ஊரு பூசாரி ஒரு வருசத்துல பண்ணியிருக்க மாட்டாரு," என்று காதர் பாய் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆனால் தார் டிரம் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து கொடுத்தவர் அவர்தான். "கல்லுல ஒடைச்சா என்னா? இரும்புல ஒடை. அது இரும்புக்குத்தான் பயப்படுது."

டிரம்மைக் கதவுப் பலகையோடு ஒட்டி நிறுத்தி, அவள் பலகை மேல் நிற்கும்போது உடைத்தோம். முதல் அடிக்குப் பின்னால் போனாள். நான் இழுக்கவில்லை, கூடவே பின்னால் நடந்தேன். இரண்டாம் அடிக்கு நின்றாள், தோல் மட்டும் சிலிர்த்தது. வியாழக்கிழமை சாயங்காலம் காதர் பாய் டிரம்மில் தேங்காயை ஓங்கினபோதே செவலை கனைத்தது. அடிக்கு முன்னாலேயே கனைத்தது!

7

ஹெலன் அம்மாள் இடத்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்லவேண்டும். அங்கே பிஸ்கட் என்று ஒரு சாம்பல் குதிரை. வண்டி ஏறாது. இங்கே குதிரையை ஏற்றிப்போகிற வண்டியை மிதவை என்று அர்த்தம் வருகிற பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். முதலில் கேட்டபோது தண்ணீரில் போகிற வண்டி என்று நினைத்து எந்த ஆற்றில் என்று விசாரித்தேன். வண்டி அழகான வண்டி. உள்ளே ரப்பர் விரிப்பு, ஜன்னல், விளக்கு. பிஸ்கட் மட்டும் ஏறாது.

அட்டை வராத மூன்று மாதமும் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பதுதான் என் வேலை. குதிரையைப் பார்க்கவில்லை. அது கால் வைத்ததும் சுற்றி நிற்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தேன். பிஸ்கட் காலை வைத்த உடனே ஆறு பேரும் ஒன்றாகக் கையைத் தட்டி, குட் பாய் என்று கத்தினார்கள். அன்பாகத்தான் கத்தினார்கள். பிஸ்கட் பின்னால் போனது. திரும்ப வைத்தது, திரும்பத் தட்டினார்கள்.

அட்டை வந்த மறுநாள் அதை மாட்டிக்கொண்டு போனேன். சொல்ல இங்கிலீஷ் வரவில்லை. உதட்டில் விரல் வைத்து, இரண்டு கையையும் சேர்த்துக் காட்டினேன். தட்டாதீர்கள் என்று அர்த்தம். என் கழுத்தில் அட்டையோடு சிலுவையும் தொங்கிக்கொண்டிருந்தது. நான் ஜெபம் செய்யச் சொல்கிறேன் என்று நினைத்து ஹெலன் தலை குனிந்து கண்ணை மூடிக்கொண்டார். மற்ற ஐந்து பேரும் மூடிக்கொண்டார்கள். அந்த அமைதியில் பிஸ்கட் இரண்டு கால் வைத்தது. பன்னிரண்டு நாள் ஆனது, ஏறிவிட்டது. அதற்குப் பிறகும் ஏற்றுவதற்கு முன்னால் எல்லாரும் கண்ணை மூடுகிறார்கள். நான் திருத்தவில்லை. சென்னப்பாவிடம் கற்றுக்கொண்ட பாடம் அது.

8

அந்த இரண்டாம் சனிக்கிழமை முதலாளி காரை விட்டு இறங்கி நின்றார். ஜட்கா மாரி கையில் கயிற்றோடு வந்து வேலியில் சாய்ந்துகொண்டார். முதலாளியே வரச் சொல்லியிருந்தார்.

சென்னப்பா லாரியை மேட்டில் முட்டக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார். "அருளு, நான் ஒண்ணு யோசிச்சேன். இன்னிக்கு மெதுவா ஒடைக்கறேன்."

"வேணாண்ணா. எப்பவும் ஒடைக்கற மாதிரியே ஒடைங்க. பலமா."

"நெஜமாவா?"

"ஒடைங்கண்ணா. அது கேக்கணும்."

அவர் முன்பக்கம் போனார். நான் செவலையைக் கூட்டி வந்தேன். வைக்கோலை முகர்ந்தது. ஒரு கால். இரண்டு கால். நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் உள்ளங்கைப் புண்ணில் துணி சுற்றியிருந்தேன். கயிறு அதில் தொளதொளவென்று கிடந்தது. அவள் பாய்ந்தால் நான் பிடிக்கப்போவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன்.

"ஏறுது!" என்று காதர் பாய் குரல் கொடுத்தார்.

பம்பரில் தேங்காய் இறங்கியது. லாரி முழுக்க அதிர்ந்தது, என் காலுக்கே தெரிந்தது. செவலை தலையைத் தூக்கினாள். காது இரண்டும் முன்னால் குத்திட்டு நின்றன. அப்புறம் என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். நான் ஓரமாக ஒட்டிக்கொண்டேன். நேரே முன்கோடிக்குப் போய், தேங்காய் சத்தம் எந்தப் பக்கம் வந்ததோ அந்தப் பலகைச் சந்தில் மூக்கை வைத்துக் கனைத்தாள்.

என் கையில் கொடுக்க ஒன்றும் இல்லை. அவசரத்தில் கொள்ளுப் பையை லாயத்திலேயே விட்டுவிட்டேன்.

"அண்ணா!" என்று கத்தினேன். "அந்தத் தேங்காயக் குடுங்க!"

"சாமி தேங்காப்பா."

"சாமி வண்டியிலதான ஏறியிருக்குது!"

அப்புறம் பலகைச் சந்து வழியாக ஒரு கை வந்தது. உள்ளங்கையில் கீற்றுத் தேங்காய், அதன் மேல் குங்குமம். இத்தனை வருஷம் குதிரை ஏற்றியும் சென்னப்பா ஒரு குதிரையைத் தொட்டதில்லை. செவலை அவர் விரலெல்லாம் நக்கி முடித்தாள்.

நான் பின்கதவைச் சாத்தச் சொல்லவில்லை. அவளைத் திரும்ப இறக்கினேன். திரும்ப ஏற்றினேன். மூன்று தடவை. முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாம் தடவை சாத்தினோம். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மாரி கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். "குதிரைதான் இல்லன்னு ஆயிப்போச்சு. அந்தத் தேங்காயாவது ஒரு மூடி குடுங்கப்பா, கிருஷ்ணகிரிலேர்ந்து வந்திருக்கறன்."

காதர் பாய் இரண்டு மூடி கொடுத்தார். சட்னியில் அலுத்துப்போயிருந்தோம்.

9

பெங்களூர்வரை நான் அவள் பக்கத்தில் நின்றுகொண்டே போனேன். ஸ்டேட் எல்லைச் செக்போஸ்ட்டில் ஒரு ஆள் பலகைச் சந்தில் எட்டிப் பார்த்து, உள்ளே என்ன என்று கன்னடத்தில் கேட்டான். நாங்கள் இருவரும் அவனைப் பார்த்தோம். ரேஸ்கோர்ஸில் வேறொரு ஆள் வந்து கயிற்றை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனான். அவனுக்குத் தமிழ் தெரியாது. தேங்காய் விஷயத்தை எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று கையாலும் வாயாலும் சொன்னேன். அவன் தலையை ஆட்டினான். புரிந்ததா இல்லையா தெரியாது. திரும்பி வரும்போது முன்சீட்டில், சென்னப்பாவின் தம்பி உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்து வந்தேன். அவர்தான் உட்காரச் சொன்னார்.

அதற்குப் பிறகு நான் செவலையைப் பார்க்கவில்லை. ஓடினாள், ஜெயித்தாள், தோற்றாள், எல்லாம் காதர் பாய் வழியாகக் காதில் விழும். கோடையில் குதிரைகளை ஊட்டிக்கு ஏற்றிப் போய் வந்த சென்னப்பா ஒரு நாள் பண்ணையில் வண்டியை நிறுத்தி என்னைத் தேடி வந்தார்.

"அருளு, ஒம் பொண்ண ஏத்திக்கினு போனேன்."

"ஏறுச்சாண்ணா?"

"ஏறாம?"

"யாரு புடிச்சாங்க?"

"யாரும் புடிக்கல. அந்த ஊரு ஆளு கயித்த அது கழுத்துமேல போட்டுட்டு பீடி பத்தவெச்சுக்கினு நின்னான். நான் ஒடைச்சேன். அது பாட்டுக்கு ஏறி மூலையில போய் நின்னுக்கிச்சு. மேல போய்ச் சேர்ற வரைக்கும் ஒரு சத்தம் இல்ல."

கேட்கக் கூடாது என்று நினைத்தேன், ஆனாலும் கேட்டுவிட்டேன். "எங்கியாவது நிறுத்தினப்ப, என்னைத் தேடுற மாதிரி எதுனா பார்த்துச்சாண்ணா?"

சென்னப்பா பொய் சொல்லத் தெரியாதவர். மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"தேங்காயத்தான் தேடுச்சு," என்றார்.

நல்லது என்றேன். அப்படியானால் வேலை முழுசாக முடிந்துவிட்டது.